கூரையேறிய வாதம்

நமீபியாவிலும் போட்ஸ்வானாவிலும் தாங்களே வண்டியோட்டிக் காடு பார்க்க விரும்பும் தமிழர்களுக்கு வழிகாட்டுவதாகச் சென்ற இதழில் வந்த கட்டுரை சொல்வது ஒன்றுதான்: பிக்கப் வண்டியின் கூரையில் கூடாரம் மாட்டாதவருக்கு முகாம் போகவே தெரியாது. சிங்கம் தீண்டாது, ஐந்தே நிமிடத்தில் படுக்கை தயார், நினைத்த இடத்தில் உறங்கலாம், மண்ணுக்குக் கேடில்லை, வண்டிக்குப் பாரமில்லை, பணமும் மிச்சம் என்று ஆறு வரங்களை அது அடுக்குகிறது. நிதானமாகப் படித்த எவருக்கும் ஒரு கேள்வி எழுந்திருக்கும். இத்தனை நன்மையும் ஒரே பொருளில் குடியிருக்குமானால், அதே காட்டில் ஆண்டு முழுக்கத் தொழில் செய்யும் போட்ஸ்வானாவின் சஃபாரி வழிகாட்டிகள் ஏன் இன்றும் தங்கள் விருந்தினர்களைத் தரையில் கூடாரமடித்துத் தூங்க வைக்கிறார்கள்? இந்தக் கேள்வி கட்டுரையாளருக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் அந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

பிறர் கொள்கையான பரபக்கத்தை விரித்துரைத்து மறுத்துவிட்டுத்தான் தன் கொள்கையான சுபக்கத்துக்கு வர வேண்டும் என்பது சிவஞான சித்தியார் காட்டும் ஒழுங்கு. அதன்படி, அவர் அடுக்கிய வரிசையிலேயே ஆறு வரங்களையும் எடுத்துக்கொள்வோம்.

முதல் வரம், விலங்குகளிடமிருந்து பாதுகாப்பு. இதற்கு அவர் காட்டும் சான்று எத்தோஷா தேசியப் பூங்கா. ஒகாகுவேயோ, ஹலாலி, நமுத்தோனி என்ற மூன்று முகாம்களின் பெயரையும் சொல்லி, சிங்கம் உலவும் அந்த மண்ணில் தரையில் படுப்பது தற்கொலை என்று வாசகரை மிரட்டுகிறார். அந்த மூன்று முகாம்களையும் சுற்றி வேலி இருக்கிறது என்ற விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. ஒகாகுவேயோவில் இரவு விளக்கொளியில் நீர்நிலைக்கு வரும் காண்டாமிருகத்தை மக்கள் உட்கார்ந்து பார்ப்பதே வேலிக்கு இந்தப்பக்கம் பத்திரமாக இருப்பதால்தான். வேலியைத் தாண்டி உள்ளே வருவது பெரும்பாலும் குள்ளநரி. அதற்கு வேண்டியது நீங்கள் வெளியே மறந்து வைத்த இறைச்சியும் செருப்பும். வேலியிட்ட முகாமைக் காட்டிச் சிங்க பயத்தை விற்பவரை அறியாதவர் என்பதா, அறிந்தே மறைத்தவர் என்பதா? எதைச் சொன்னாலும் அவருக்குப் பெருமையில்லை.

வேலியில்லாத முகாம்கள் போட்ஸ்வானாவில் உண்டு. மொரேமி, சவுட்டி, மத்திய கலஹாரி ஆகிய இடங்களில் யானையும் கழுதைப்புலியும் சிங்கமும் உங்கள் அடுப்பைக் கடந்து போகும். அங்கே உயிரைக் காப்பது உயரம் அல்ல; ஒழுக்கம். இருட்டியபின் நடமாடாதே, கூடாரத்தின் ஜிப்பை முழுக்க மூடு, உள்ளே உணவு வைக்காதே என்பவைதான் வழிகாட்டிகள் திரும்பத் திரும்பச் சொல்லும் விதிகள். மூடிய கூடாரத்தை விலங்குகள் பொதுவாக ஒரு திடப்பொருளாகவே பார்த்து ஒதுங்கிப்போகின்றன. தரைக் கூடாரத்தை நம்பி அங்கே ஒரு தொழிலே நடப்பது இதனால்தான்.

இந்த விதிகளில் மூன்றாவதைக் கூரைக் கூடாரம் எப்படிக் காக்கிறது என்று பார்ப்போம். தரையில் படுப்பவர் உணவையும் ஃபிரிட்ஜையும் வண்டிக்குள் பூட்டிவிட்டு, வண்டியிலிருந்து தள்ளிப் படுக்கலாம். கூரையில் படுப்பவர் அந்த உணவுக் கிடங்கின் தலைமேல்தான் படுத்தாக வேண்டும். ஆரஞ்சு வாசனைக்கு யானை தேடி வரும், அதைக் கொண்டுவராதீர்கள் என்பது அந்த வட்டாரத்துப் பழைய எச்சரிக்கை. சவுட்டியில் கழிப்பறைக் கட்டடத்தையே யானை உடைக்காதபடி அரண்போட்டுக் கட்ட வேண்டியிருந்தது. உள்ளிருக்கும் தண்ணீருக்காக யானைகள் அந்த அளவுக்குப் போகின்றன. ஆண் யானையின் தோள் உயரமே மூன்று மீட்டரைத் தாண்டும். உங்கள் கூரைப் படுக்கை சுமார் இரண்டு மீட்டரில் இருக்கிறது. எந்த உயரத்தைக் காட்டி எங்களுக்குத் தைரியம் சொல்கிறார் இவர்? சிறுத்தை மரமேறும், சிங்கம் பாயும் என்பதையெல்லாம் நான் வாதமாக்கவே இல்லை. அவர் நம்பும் உயரம் காட்டின் கணக்கில் உயரமே இல்லை என்பது போதும்.

பாம்பும் தேளும் பற்றி அவர் எழுதிய பத்தி இன்னும் பலவீனமானது. அடித்தளம் தைத்து இணைத்த, ஜிப் மூடிய தரைக் கூடாரத்துக்குள் தேள் எப்படி நுழையும்? ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் அஞ்ச வேண்டியவை பருத்த வாலும் மெலிந்த இடுக்கியும் கொண்ட தேள்கள். அவை இரவில் ஒளிந்துகொள்ள விரும்பும் இடங்களில் ஒன்று கழற்றிப்போட்ட காலணி. கூரைக் கூடாரவாசி தன் காலணியை எங்கே விடுகிறார்? பெரும்பாலும் ஏணியின் அடியில், தரையில். நடு இரவில் சிறுநீர் கழிக்க எழுந்து, தூக்கக் கலக்கத்தில், இருட்டில், செங்குத்தான ஏணியில் பின்புறமாக இறங்கி, அந்தக் காலணிக்குள்தான் காலை விடுகிறார். தரையில் படுத்தவருக்கு இந்த இறக்கமும் இல்லை, தவறி விழும் வாய்ப்பும் இல்லை. வாசலின் ஜிப்பைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு எழுந்து நிற்கலாம். வயதான பெற்றோரையும் சிறு பிள்ளைகளையும் அழைத்துப் போகச் சொல்லும் அதே கட்டுரையில் இந்த ஏணியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இந்த இடத்தில் அவர் தமிழ்ப் பெருமிதத்தையும் துணைக்கு அழைக்கிறார். தினைப்புனத்தில் பரண் கட்டி உறங்கிய நம் முன்னோரின் தொடர்ச்சியாம் இந்தக் கூரைக் கூடாரம். சங்கப் பாடல்களைத் தொட்டுப் பார்த்தவர் யாரும் இப்படி எழுத மாட்டார். பரணில் ஏறியவர் தூங்குவதற்காக ஏறவில்லை. கிளியும் பன்றியும் யானையும் கதிரை அழிக்காமல் காக்க, விழித்திருக்க ஏறினார். பரணில் உறங்கிப்போவது அங்கே கடமை தவறுதல். காவலின் மேடையை மெத்தை விரித்த கட்டிலாக்கி முன்னோர்மேல் சுமத்துவதற்கு முன் ஒரு குறிஞ்சிப் பாட்டையாவது ஒழுங்காகப் படித்திருக்கலாம். முன்னோரை விட்டுவிட்டு உண்மையான வரலாற்றைத் தேடினால் அது இத்தாலியில் கிடைக்கிறது. ஆட்டோஹோம் நிறுவனம் கார்க் கூரைக்கான தன் கூடாரத்தை 1958இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1970களில் கிழக்கு ஜெர்மனியில் ட்ராபான்ட் போன்ற குட்டிக் காரின் தலையிலும் கூடாரம் ஏறியது. உள்ளே நீட்டிப் படுக்க இடமில்லாத சிறு கார்களில் விடுமுறைக்குப் போன குடும்பங்களின் சாமர்த்தியம் அது, மதிக்கத்தக்க சாமர்த்தியம். அதற்குக் காட்டுவீரர் வேடம் பின்னால் வந்த விளம்பரங்கள் மாட்டியது. பின்புறம் முழுக்கச் சுமைத் தொட்டி திறந்து கிடக்கும் பிக்கப்புக்கு, குட்டிக் காரின் இடநெருக்கடிக்குப் பிறந்த தீர்வு எதற்கு?

இரண்டாவது வரம், ஐந்து நிமிடம். திறப்பதற்கு ஐந்து நிமிடம் என்பது உண்மை, அதை மறுக்கவில்லை. மடிப்பதற்கு எத்தனை நிமிடம் என்பதை ஏன் சொல்லவில்லை? வண்டிமேல் ஏறி நின்று, கேன்வாஸின் நான்கு ஓரங்களையும் உள்ளே திணித்து, ஏணியைச் செருகி, மெத்தையோடு சேர்த்து அமுக்கி, புழுதி படிந்த உறையை இழுத்துப் பிடித்து ஜிப் மூடி, பட்டைகளை இறுக்கும் வேலை அது. பனியில் நனைந்திருந்தால் ஈரத்தோடு மடிக்க வேண்டும். அந்த ஈரம் மெத்தைக்கு அடியில் தங்கிப் பூஞ்சை பிடிக்கும் என்பது கூரைக் கூடாரம் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த தொல்லை. கடின ஓடுடைய, தானாக எழும் விலை உயர்ந்த மாதிரிகளில் இந்த வேலை குறைவுதான். ஆனால் எடையும் விலையும் கூடும். திறக்கும்போது கடிகாரத்தைக் காட்டிவிட்டு மடிக்கும்போது கடிகாரத்தை மறைப்பவரின் கணக்கை யார் ஏற்பது?

நிமிடக் கணக்குகூட இங்கே சிறிய விஷயம். எத்தனை முறை மடிக்க வேண்டும் என்பதில்தான் அவருடைய முழு வாதமும் சரிகிறது. செஸ்ரியெம் முகாமை எடுத்துக்கொள்வோம். அவரே புகழ்ந்த இடம். நமீப் மணற்குன்றுகளைப் பார்க்க வருபவர்கள் பூங்கா எல்லைக்குள் இருக்கும் அந்த முகாமில் இடம் பிடிக்க ஏன் முண்டியடிக்கிறார்கள்? வெளியில் தங்கியவர்களுக்குச் சூரிய உதயத்தில் கதவு திறக்கிறது. உள்ளே தங்கியவர்களுக்கு அதற்கு ஒரு மணி நேரம் முன்பே உள்கதவு திறக்கிறது. அந்த ஒரு மணி நேரத்தில் 45 கிலோமீட்டர் ஓட்டி 45ஆம் எண் குன்றில் ஏறி விடியலைப் பார்க்கலாம், அல்லது சொசுஸ்வ்லெய் வரை போகலாம். தரையில் கூடாரமடித்தவர் எழுந்து, முகம் கழுவி, ஜிப்பை மூடிவிட்டு வண்டியைக் கிளப்புகிறார். வீடு முள்மரத்தடியில் அப்படியே நிற்கிறது. கூரைக் கூடாரவாசியோ அந்தக் கும்மிருட்டில், குளிரில், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மேலே சொன்ன மடிப்பு வேலை முழுவதையும் முடித்தால்தான் சக்கரம் நகரும். எந்த ஒரு மணி நேரத்துக்காகக் கூடுதல் காசு கொடுத்து உள்ளே தங்கினாரோ, அதில் பெரும்பகுதியைத் தன் கூடாரத்துக்கே காணிக்கையாகக் கொடுக்கிறார்.

எத்தோஷாவிலும் இதே கதைதான். முகாம் கதவு சூரிய உதயத்தில் திறந்து மறைவில் மூடுகிறது. விலங்கு பார்க்க நல்ல நேரம் காலையும் மாலையும். நடுப்பகல் வெயிலில் முகாமுக்குத் திரும்பி நிழலில் படுப்பதுதான் விவரமறிந்தவர் வழக்கம். ஒரே இடத்தில் மூன்று இரவு தங்கும் குடும்பம் விடியலில் மடித்து, பகலில் பிள்ளைகளுக்காகத் திறந்து, மாலைச் சவாரிக்கு மறுபடி மடித்து, இரவில் திறந்து என்று நாளெல்லாம் கூரைமேலேயே குடித்தனம் நடத்த வேண்டும். மடிக்கச் சலித்துப்போய் மாலைச் சவாரியையே விட்டுவிடுபவர்களும் உண்டு. வீட்டையும் வண்டியையும் போல்ட் போட்டு இணைத்துவிட்டால் வீடு நிற்க விரும்பும்போது வண்டி இழுக்கும், வண்டி போக விரும்பும்போது வீடு தடுக்கும். இந்த எளிய முரண் கட்டுரையாளரின் கண்ணில் படவில்லை என்றால், அவர் எந்த முகாமிலும் இரண்டாவது இரவு தங்கியதில்லை என்றுதான் முடிவுக்கு வர வேண்டியிருக்கிறது.

மூன்றாவது வரம், நினைத்த இடத்தில் உறங்கும் சுதந்திரம். கட்டுரையில் மிகவும் பொறுப்பற்ற பகுதி இதுதான். நமீபியாவின் தேசியப் பூங்காக்களில் குறிக்கப்பட்ட முகாம் இடங்களில் மட்டுமே இரவு தங்கலாம். போட்ஸ்வானாவின் பூங்காக்களில் முன்பதிவு இல்லாமல் தங்கலாம் என்று கிளம்புவதே தவறு. தரையிலிருந்து இரண்டு மீட்டர் மேலே படுத்தால் சட்டத்திலிருந்து விலக்கு கிடைக்கும் என்று எந்த விதி சொல்கிறது? பூங்காக்களுக்கு வெளியே, டமாராலாந்து போன்ற பகுதிகளில் வெறும் நிலமாகத் தெரிவது யாருக்கும் சொந்தமில்லாத நிலமல்ல. 1996இல் வந்த சட்டத்திருத்தத்துக்குப் பிறகு நமீபியாவின் பொது நிலங்களில் வாழும் சமூகங்கள் காப்பகங்களை அமைத்து, தங்கள் நிலத்து வனவிலங்குகளால் வரும் பயனில் உரிமை பெற்றன. பாலைநிலத்து யானையும் கறுப்புக் காண்டாமிருகமும் அங்கே பிழைத்திருப்பதில் அந்த ஏற்பாட்டுக்குப் பெரும் பங்குண்டு. அந்த மக்கள் நடத்தும் எளிய முகாம் இடங்களில் பயணி கொடுக்கும் கட்டணம் அவர்களுடைய வருமானங்களில் ஒன்று. அதைக் கொடுக்காமல் வறண்ட ஆற்றுப் படுகையில் வண்டியை நிறுத்தி ஏணியை இறக்கிப் படுப்பதற்குச் சுதந்திரம் என்று பெயர் வைக்கிறார் நம்மவர். பாலை ஆறு எங்கோ மேலே பெய்த மழைக்குத் திடீரென வெள்ளமெடுக்கும் என்பதையும், அந்தப் படுகை யானை நடக்கும் பாதை என்பதையும் வாசகருக்குச் சொல்லும் கடமை அவருக்கு இல்லையா?

நான்காவது வரம் இதன் நிழல்: தரையைத் தொடாததால் மண்ணுக்குக் கேடில்லையாம். கூடாரம் தொடவில்லை; இரண்டரை டன் வண்டி தொடுகிறதே! நமீப்பின் சரளைச் சமவெளிகளில் ஒருமுறை ஏறிய டயர் தடம் பல பத்தாண்டுகளுக்கு மறைவதில்லை. கடல் மூடுபனியை உண்டு வளரும் பாசிக்காளான் படுகைகள் ஒரு சக்கரத்தில் நசுங்கினால் மீண்டெழ ஒரு மனித ஆயுளின் பெரும்பகுதி ஆகலாம். கூரைக் கூடாரத்துக்கு வண்டி முழுவதுமே சமதளத்தில் நிற்க வேண்டும். இல்லையேல் தலை தாழ்ந்து, ஒருபக்கமாக உருண்டு, இரவு முழுக்கத் தூக்கம் கெடும். ஆகவே சமதளம் தேடி முன்னும் பின்னும் உருட்டி மண்ணை உழுபவர் யார்? தரைக் கூடாரத்துக்கு வேண்டியது ஆள் படுக்கும் அளவுக்கு ஒரு துண்டு நிலம். குறிக்கப்பட்ட முகாமில், ஏற்கெனவே மிதிபட்ட மண்ணில், அது எந்தப் புதுக் காயத்தையும் உண்டாக்குவதில்லை. சூழலியல் சொற்களைத் தூவிவிட்டால் வாசகர் கேள்வி கேட்கமாட்டார் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்ட பத்தி அது.

ஐந்தாவது வரம், வண்டிக்குப் பாரமில்லை என்பது. இதுவரை பார்த்தவை வசதிக்கேடுகள் என்றால், இது உயிர் பற்றிய விஷயம்; எனவே இங்கே சற்று நின்று பேச வேண்டும். இரண்டு பேர் மேலே படுத்துத் தூங்குவதைத் தாங்கும் கூரைக்கு 70 கிலோ கூடாரம் தூசு என்கிறார். நிற்கும் வண்டியின் கூரை தாங்கும் பாரமும் ஓடும் வண்டியின் கூரைக்கு அனுமதித்த பாரமும் வேறுவேறு என்பது இந்தத் துறையின் அரிச்சுவடி. ஓடும்போது ஒவ்வொரு குழியும் அந்த எடையைப் பெருக்கி அடிக்கிறது. ஒவ்வொரு திருப்பமும் பக்கவாட்டில் இழுக்கிறது. அதனால்தான் ஆஸ்திரேலிய நிறுவனமான ரைனோ-ராக், தார்ச்சாலைக்குச் சொன்ன கூரை எடையைக் கரடுமுரடான பாதைக்கு 1.5ஆல் வகுக்கச் சொல்கிறது. 100 கிலோ அனுமதி அங்கே சுமார் 67 கிலோவாகச் சுருங்கும். கூரைச்சட்டத்தின் எடையும் வண்டித் தயாரிப்பாளர் அனுமதித்த அளவுக்குள்ளேயே அடங்க வேண்டும். இந்தச் சிறு கணக்கைப் போட்டுப் பார்க்காமல் ஊருக்கு உபதேசம் செய்பவரைப் பார்த்தால், கூரை ஏறிக் கோழி பிடிக்க முடியாதவன் வானம் ஏறி வைகுண்டம் காட்டுவேன் என்ற கதை நினைவுக்கு வராமல் எப்படி இருக்கும்?

புரளும் ஆபத்தை அளக்க ஓர் எளிய எண் உண்டு; அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறையும் தன் தரவரிசைக்கு அதைப் பயன்படுத்துகிறது. இடது, வலது சக்கரங்களுக்கிடையிலான தூரத்தில் பாதியை வண்டியின் ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுக்க வேண்டும். எண் குறையக் குறைய வண்டி எளிதாகக் கவிழும். ஓர் உதாரணக் கணக்கு: சாமான் ஏற்றிய பிக்கப் 2,500 கிலோ, ஈர்ப்பு மையம் 75 சென்டிமீட்டர் உயரம், சக்கர இடைத்தூரம் 154 சென்டிமீட்டர் என்று கொள்வோம். எண் 1.03. குடும்பப் பயணத்துக்கென்று அவர் பரிந்துரைக்கும் இரட்டைக் கூடாரத்தைச் சட்டங்களோடு 130 கிலோவாக இரண்டு மீட்டர் உயரத்தில் ஏற்றுங்கள். மையம் 81 சென்டிமீட்டருக்கு உயர்கிறது, எண் 0.95க்கு இறங்குகிறது. மொத்த எடையில் ஐந்து விழுக்காடுதான் கூடியது. நிலைத்தன்மையில் எட்டு விழுக்காடு போய்விட்டது. அதே 130 கிலோவைச் சுமைத் தொட்டியின் தரையில் வைத்திருந்தால் மையம் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருந்திருக்கும். தூசு என்று ஊதித் தள்ளியது இதைத்தான்.

நமீபியாவின் சாலைகளில் பெரும்பகுதி சரளை. அங்கே டயர் முதலில் வழுக்கும்; வழுக்கும் வண்டி பக்கவாட்டில் போய், சாலையைச் சமன்படுத்தும் எந்திரம் ஓரத்தில் குவித்த மண்வரம்பில் சக்கரம் முட்டும் கணத்தில் புரளும். வேறு வண்டியே கண்ணில் படாத நேர்ச்சாலையில் சுற்றுலாப் பயணிகள் தனியாகக் கவிழ்வது அந்த நாட்டின் நெடுநாள் துயரம். வாடகை நிறுவனங்கள் சரளையில் 80 கிலோமீட்டரைத் தாண்டாதே என்று ஒப்பந்தத்திலேயே எழுதி, கருவி வைத்துக் கண்காணிப்பது அதனால்தான். கட்டுரையாளர் கைகாட்டும் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப், தலையில் எந்தக் கூடாரமும் இல்லாமலே, திடீரென விலகித் திரும்பும் சோதனையில் 2007லும் 2016லும் ஸ்வீடனின் டெக்னிகென்ஸ் வார்ல்ட் இதழிடம் தோற்றது. டொயோட்டா திருத்தங்கள் செய்த பிறகே தேறியது. பொறியாளர்கள் திரும்ப உட்கார்ந்து சரிசெய்த சமநிலையை, விடுமுறைக்குப் போகும் ஒருவர் கூரையில் மெத்தை ஏற்றிக் கலைக்கலாம் என்று எந்தத் துணிவில் எழுதுகிறார்?

ஆறாவது வரம், சிக்கனம். லாட்ஜில் தங்கும் செலவோடு ஒப்பிட்டுக் கூரைக் கூடாரம் பணத்தை மிச்சப்படுத்துகிறது என்கிறார். லாட்ஜுக்குப் போகாததால் மிச்சமாகும் பணம் தரைக் கூடாரத்திலும் அதே அளவு மிச்சமாகிறதே! முகாம் கட்டணம் தலைக்கு இவ்வளவு என்றுதான் பெரும்பாலும் வசூலிக்கப்படுகிறது. தலை எந்த உயரத்தில் படுத்திருந்தது என்று கேட்டு யாரும் தள்ளுபடி தருவதில்லை. வாங்கும் விலையிலோ, ஒரு நல்ல கூரைக் கூடாரத்தின் விலையில் ஆள் நிமிர்ந்து நிற்கக்கூடிய கேன்வாஸ் கூடாரம், தடித்த மெத்தைகள், நல்ல போர்வைகள் எல்லாம் வாங்கியும் மீதி இருக்கும். எரிபொருளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூரைமேல் வைக்கும் பெரிய பெட்டி சாதாரணக் காரின் எரிபொருள் சிக்கனத்தை நெடுஞ்சாலையில் 6 முதல் 17 விழுக்காடு வரை குறைக்கலாம் என்கிறது அமெரிக்க அரசின் எரிபொருள் வழிகாட்டி. பிக்கப்பின் கணக்கு சற்று மாறலாம். காற்று யாருக்கும் சலுகை தருவதில்லை.

இப்போது அந்தக் கட்டுரையின் உள்கட்டமைப்பு வெளிப்படுகிறது. பாதுகாப்பு பற்றிப் பேசும்போது அவர் கூரைக் கூடாரத்தை ஒப்பிடுவது கூடாரமே இல்லாமல் வெட்டவெளியில் படுப்பதோடு. வேகம் பற்றிப் பேசும்போது, இருபது குச்சிகளைக் கோக்க வேண்டிய பழங்காலக் கூடாரத்தோடு. மெத்தைச் சுகம் பற்றிப் பேசும்போது, மெத்தையே இல்லாத தரையோடு. செலவு பற்றிப் பேசும்போது, லாட்ஜோடு. ஒவ்வொரு பத்தியிலும் எதிராளி மாறுகிறார். ஒவ்வொரு எதிராளியும் தோற்பதற்கென்றே அழைத்துவரப்பட்டவர். ஒரே இரவில், ஒரே முகாமில், ஒரே பட்ஜெட்டில், அதே மெத்தையோடு நிற்கும் நல்ல தரைக் கூடாரம் என்ற உண்மையான எதிராளி கட்டுரை முழுவதிலும் ஒரு முறைகூட மேடையேறவில்லை. அரை நிமிடத்தில் எழும் என்று விற்கப்படும் ஆஸ்திரேலிய ஓஸ்டென்ட் போன்ற தரைக் கூடாரங்கள் இருப்பது பயண உபகரணங்களைப் பற்றி எழுதுபவருக்குத் தெரியாதா? தெரிந்து மறைத்ததற்குக் காரணம், கட்டுரையின் கடைசிப் பகுதி எந்த மாதிரியை எங்கே வாங்கலாம் என்ற பட்டியலாக முடிவதில் இருக்கிறது. எளிய வாழ்க்கை, இயற்கையோடு ஒன்றுதல் என்று தொடங்கிய எழுத்து சில லட்ச ரூபாய்ப் பொருளின் விலைப்பட்டியலில் போய் முடிகிறது என்றால், தொடக்கத்துத் தத்துவம் கடைக்குப் போட்ட பந்தல் என்று வாசகர் புரிந்துகொள்ளமாட்டாரா?

பணத்தைவிட ஆழமான இன்னொரு நோக்கமும் இதில் இருக்கிறது. வெள்ளை ஹைலக்ஸ், அதன் தலையில் விரிந்த கூடாரம், சாய்த்த ஏணி, பின்னால் செம்மணற்குன்று என்ற படத்துக்காகவே இன்று பலர் அங்கே போகிறார்கள். அந்தப் படத்தில் வண்டிதான் நாயகன். நிலம் பின்னணித் திரை. காட்டில் இரவைக் கழிப்பதன் பொருள் என்ன? காதுக்கருகில் மண் இருப்பது, கழுதைப்புலியின் கூவல் எத்திசையிலிருந்து வருகிறது என்று தேடுவது, விடிந்ததும் கூடார வாசலைச் சுற்றி யார் யார் நடந்து போயிருக்கிறார்கள் என்று காலடித் தடம் பார்ப்பது. இந்த நிலத்தை அஞ்சத்தக்கதாகவும் அழுக்கானதாகவும் சித்திரித்து, அதிலிருந்து ஏறித் தப்பிக்க ஏணி விற்பவர், அடுத்த பத்தியிலேயே இயற்கையோடு ஒன்றச் சொல்கிறார். எதனிடமிருந்து தப்பிக்கிறாரோ அதனோடு எப்படி ஒன்றுவது?

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். விண்ட்ஹுக்கில் விமானமிறங்கி வாடகை வண்டி எடுத்து, ஒவ்வொரு இரவும் ஓர் ஊர் என்று நாட்டைக் குறுக்கே கடப்பவருக்கு, எப்படியும் தினம் காலையில் மூட்டை கட்டத்தான் வேண்டும்; கூடாரமும் மெத்தையும் வண்டியோடே வருவது அவருக்கு உதவி. சேறும் கூர்ங்கல்லும் நிறைந்த இடத்திலும், காற்றே அசையாத கோடை இரவிலும் உயரம் பயன்படும். இந்த அளவுக்குக் கூரைக் கூடாரத்துக்கு ஓர் இடம் உண்டு. தினமும் இடம் மாறுபவரின் தற்காலிக வசதியை, காட்டில் தங்கப் போகும் எல்லோருக்குமான விதியாக உயர்த்தியதுதான் கட்டுரையாளர் செய்த பிழை. ஒரு பகுதிக்குப் பொருந்துவதை முழுமைக்கும் பொருத்துவது, ஏகதேசத்தைச் சர்வமாக்குவது, தர்க்கத்தில் வாதி தோற்கும் இடம் என்பது தொடக்க மாணவனுக்கும் தெரியும்.

எனவே நமீபியாவுக்குக் கிளம்பும் குடும்பங்களுக்கு என் பரிந்துரை தெளிவானது. வாடகை நிறுவனத்திடம் தரைக் கூடாரமும் நல்ல மெத்தையும் கேளுங்கள், தருபவர்கள் இருக்கிறார்கள். கனமான சாமானை எல்லாம் சுமைத் தொட்டியின் அடியில் ஏற்றுங்கள், கூரையைக் காலியாக விடுங்கள். ஓர் இடத்தில் குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள். சமூகக் காப்பகங்களின் முகாம்களுக்குக் காசு கொடுத்துப் படுங்கள். உணவை வண்டியில் பூட்டி, ஜிப்பை மூடி, இருட்டியபின் வெளியே சுற்றாமல் இருங்கள். சரளையில் 80ஐத் தாண்டாதீர்கள்.

கட்டுரையாளர் பதில் எழுதுவார் என்று எதிர்பார்க்கிறேன், எழுத வேண்டும். அந்தப் பதிலில் சிங்கத்தையும் முன்னோரையும் மறுபடி அழைக்க வேண்டாம். செஸ்ரியெமில் விடியலுக்கு முந்தைய அந்த ஒரு மணி நேரத்தில், தரையில் கூடாரமடித்துவிட்டுக் குன்றை நோக்கிப் புறப்பட்டுவிட்டவரைவிடக் கூரைமேல் நின்று கேன்வாஸ் திணித்துக்கொண்டிருப்பவர் எந்த வகையில் சுதந்திரமானவர் என்ற ஒரே கேள்விக்குப் பதில் சொல்லட்டும். சொல்ல முடியாவிட்டால், பிள்ளைகுட்டிகளோடு சரளைச் சாலையில் போகப்போகும் வாசகர்களுக்கு அவர் கொடுத்த எடைக் கணக்கையாவது அதே இதழில் திரும்பப் பெறட்டும். அதுதான் எழுதுகிறவனின் குறைந்தபட்சக் கடமை.